தாத்தா கடிகாரமும் பேரனின் கியூஆர் கோடும்

நம் நாட்டில் எத்தனை தாத்தாக்கள்தான் கைக்கடிகாரம் கட்டினார்களோ தெரியவில்லை. கைபேசியைத் திறந்தால் போதும், யாரோ ஒரு தாத்தாவின் கடிகாரம் விலைக்கு வந்திருக்கிறது. "தாத்தா வாட்ச். 1955 மாடல் எச்எம்டி. ஒரிஜினல் டயல். ஃபுல்லி சர்வீஸ்டு. சீரியஸ் பையர்ஸ் ஒன்லி." கீழே படம். எழுபது வருடத்துப் பொருளாம். டயலில் ஒரு பொட்டுக் கறை கிடையாது.

1955-ல் எச்எம்டி கைக்கடிகாரமே கிடையாது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் அவர்கள் கடிகாரம் செய்யத் தொடங்கியதே 1961-ல்தான். முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. இதை மரியாதையாகவே எழுதிக் கேட்டேன். "ப்ரோ, அது லான்ச்சுக்கு முன்னாடி வந்த மாடல்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது?

அதே ஆளின் பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால் இன்னும் நாற்பது கடிகாரங்கள். எல்லாம் ஒரே பச்சை மேசை விரிப்பின் மேல், ஒரே கோணத்தில். ஜனதா, பைலட், காஞ்சன், சோனா, சீக்கோ 5, ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட். நாற்பதும் தாத்தாவுடையவை. அந்தத் தாத்தா வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பழைய கடிகாரத்தின் மேல் ஆசைப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்குச் சைக்கிளும் வாட்ச்சும் போட்டால்தான் கல்யாணம். காஞ்சன் கிடைக்க வேண்டுமென்று ஆள் வைத்துச் சொல்லிவைத்த மாமனார்கள் இருந்தார்கள். பணி ஓய்வு பெறுபவருக்கு அலுவலகத்தில் கொடுத்ததும் எச்எம்டிதான். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் பெட்டியைத் திறந்ததும் எடுத்துக் கொடுத்தது சீக்கோவும் சிட்டிசனும். 1987-ல் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வந்தது. சாவி கொடுக்கிற வேலை போயிற்று. எச்எம்டி படிப்படியாகத் தேய்ந்து, 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அந்தக் கடிகார நிறுவனத்தை மூட ஒப்புக்கொண்டது. மூடியதும் எல்லோருக்கும் பாசம் பொங்கிவிட்டது. அலமாரி மூலையில் கிடந்ததற்கு விலை ஏறியது. விலை ஏறிய இடத்துக்குப் பேரன்கள் வந்து சேர்ந்தார்கள்.

டயல் விஷயத்துக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சலில் பாதி அதில்தான்.

நம் ஊர் வெக்கைக்கும் வேர்வைக்கும் கடற்காற்றுக்கும் பழைய டயல் தாங்காது. கண்ணாடி இடுக்கில் ஈரம் இறங்கும், வெள்ளி நிறம் பழுக்கும், புள்ளி புள்ளியாகப் பூக்கும். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் புது டயலுக்கு எங்கே போவது? ரிப்பேர் கடைக்காரர் டயலைக் கழற்றி, பழைய பூச்சைச் சுரண்டி, புதுச் சாயம் அடித்து, எழுத்தை அச்சில் பதித்துக் கொடுப்பார். கேட்டு வாங்கியது, காசு கொடுத்துச் செய்தது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அது ஒரு கைத்தொழில். இன்றைக்கும் யாராவது தன் அப்பாவின் கடிகாரத்துக்கு அப்படிச் செய்துகொண்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அதே சாயத்தை அடித்துவிட்டு "ஒரிஜினல் டயல்" என்று எழுதுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. பைலட் என்றால் கறுப்பு டயல் என்பது கட்டியவர்களுக்கெல்லாம் நினைவு. இப்போது ஆரஞ்சு பைலட், கிளிப்பச்சை பைலட், ஒரு பாதி நீலம் மறு பாதி மஞ்சளாக ஒரு பைலட். ஜனதாவின் டயலில் ராணுவ முத்திரை, ரயில்வே முத்திரை, ஏதாவது ஒரு தலைவரின் முகம். எந்தத் தொழிற்சாலையில் எந்த வருடம் இதைச் செய்தார்கள் என்று கேட்டால் "ரேர் பீஸ் ப்ரோ" என்கிறார்கள். எங்கும் கேள்விப்படாத எல்லாமே ரேர் பீஸ்தான், சந்தேகமில்லை. வெளிநாட்டில் பழைய கடிகாரம் சேர்ப்பவர்கள் இந்த வகைக்கு "மும்பை ஸ்பெஷல்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதனால் இந்தியாவிலிருந்து நேர்மையாக விற்பவரின் நல்ல சீக்கோவையும் முகம் சுளித்துத்தான் பார்க்கிறார்கள்.

கண்டுபிடிக்க முடியாதா என்றால், பல சமயம் முடியும். தொழிற்சாலை அச்சில் எழுத்து மெலிந்து, கூர்மையாக இருக்கும்; மறுபடி அடித்ததில் கொஞ்சம் தடித்து, ஓரம் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் கட்டைகளுக்கு நேராக வராமல் சறுக்கும். தேதி ஜன்னலின் விளிம்பிலும், முள் நிற்கும் நடு ஓட்டையைச் சுற்றியும் சாயம் திட்டுத் திட்டாக ஏறியிருக்கும். ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்க வேண்டிய வரி காணாமல் போயிருக்கும், அல்லது எழுத்துப்பிழையோடு இருக்கும். ஆனால் இதையெல்லாம் பார்க்கப் படம் தெளிவாக வேண்டுமே! வருகிற படங்களோ மங்கலாக, கண்ணாடியில் டியூப்லைட் விழுந்து, சரியாக அந்த ஆறு மணி இடத்தை மட்டும் மறைத்துக்கொண்டு வருகின்றன. கடிகாரத்தோடு பூச்செடியும் காபி கோப்பையும் தெளிவாக இருக்கும்.

இதில் வேடிக்கை, சுவிட்சர்லாந்து ஏலங்களில் கதை தலைகீழ். வெயில் பட்டுக் கறுப்பு டயல் காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் அதற்கு "ட்ராப்பிகல்" என்று பட்டம் கொடுத்து, அதிக விலை தருகிறார்கள். வெயில் அதிகமுள்ள நம் ஊரில் அப்படி மாறிய டயலைச் சுரண்டிப் போட்டுவிட்டு, அதன் மேல் கிளிப்பச்சை அடிக்கிறோம். பழமையை விற்பதற்காகப் பழமையையே சுரண்டி எடுக்கிற வியாபாரம் வேறு எதிலாவது உண்டா? வாங்குகிறவர்களையும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே அறுபது வருடம் ஓடிய, மங்கிய டயலுள்ள ஜனதாவைக் காட்டினால் "ரொம்பப் பழசா இருக்கே" என்கிறோம். பழைய கடிகாரம் பழசாக இருக்கக் கூடாதாம்.

இருட்டில் ஒளிரும் முள்ளைக் காட்டி வீடியோ போடுவது இன்னொரு வித்தை. விளக்கை அணைத்ததும் முட்கள் பச்சையாக எரிகின்றன. "பாத்தீங்களா ப்ரோ, அம்பது வருஷமா அப்படியே." அப்படியே இருக்க வழியில்லை. அறுபதுகளுக்குப் பிறகு சுவிஸ் கடிகாரங்களில் பெரும்பாலும் பூசப்பட்டது டிரிட்டியம். அதன் அரை ஆயுள் பன்னிரண்டு வருடத்துக்குச் சற்று மேல். ஐம்பது வருடத்தில் அது ஏறக்குறைய அணைந்துபோயிருக்கும். இன்றைக்கும் பளீரென்று ஒளிர்ந்தால் யாரோ அண்மையில் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்கும் முந்தைய கடிகாரங்களில் ரேடியம். அது வேறு தொல்லை: ஒளிரும் சக்தி செத்துவிட்டாலும் ரேடியம் சாகாது, அதன் அரை ஆயுள் 1,600 வருடம். ஒளியைத் தருகிற துணைப்பொருள்தான் தேய்ந்துபோகிறது. கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட டயலை வீட்டு மேசையில் திறந்து, உதிரும் பொடியை வாயால் ஊதுகிற ஆட்களின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் நூறு வருடம் முன்பு ரேடியச் சாயம் பூசிய தொழிற்சாலைப் பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை அழுகிச் செத்தார்கள். பழைய ராணுவக் கடிகாரம் என்று ஆசையாக வாங்குகிறவர்களிடம் இதை ஒரு வரியாவது விற்பவர் சொல்ல வேண்டாமா? அவருக்கே தெரியாது என்பதுதான் பயம்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சீக்கோ 5 ஒன்றை 4,500 ரூபாய்க்கு வரவழைத்தார். எங்கள் பஜாரில் ஒரு கடை உண்டு, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். அங்கே எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திருகித் திறந்தார்.

"சார், எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

"ஏன் பாய்?"

"சும்மாதான். மூடி 7019ங்குது. உள்ள உக்காந்திருக்கிறது 7009. டயல்ல 21 ஜுவல்ஸ்னு போட்டிருக்கு. மெஷின்லயே 17ன்னு பொறிச்சிருக்கு பாருங்க."

"ஓடுதே பாய்?"

"ஓடும். ஓடறதுக்கென்ன."

விஷயம் இவ்வளவுதான். சீக்கோவின் பின்மூடியில் உள்ள முதல் நாலு இலக்கம் உள்ளே இருக்கும் மெஷினின் எண். உள்ளே திறந்தால் அதே எண் இருக்க வேண்டும். டயலின் அடி விளிம்பிலும் பொடி எழுத்தில் அந்த எண் வரும். மூன்றும் ஒத்துப்போனால் பாதிக் கவலை தீர்ந்தது. மூடியில் இருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ரகசியம் ஒன்றுமில்லை. மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

அந்த ஒரு படத்தைக் கேட்டுப் பாருங்கள். அப்போது தெரியும் பேரனின் குணம்.

"பின்மூடியத் திறந்து மெஷின் போட்டோ ஒண்ணு அனுப்ப முடியுமா?"

"ப்ரோ, சீல் பண்ணது. திறந்தா ஆயில் காஞ்சிடும்."

"எங்கயாவது வாட்ச் கடையில கொடுத்துத் திறக்கச் சொல்லுங்க. கூலி நான் தர்றேன்."

"நம்பிக்கை இருந்தா வாங்குங்க ப்ரோ. வேற பார்ட்டி வெயிட்டிங்."

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவார் உண்டா? பல்லைப் பார்க்க வந்தவனை "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிற தரகரும் கிடையாது. கடிகாரச் சந்தையில் மட்டும் வாயைத் திறக்கச் சொன்னால் கோபம் வருகிறது. இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, கடிகாரத்தின் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன் இன்னொருவரிடம். படத்தில் இருப்பது அவர் கையில்தான் இருக்கிறதா, வேறு யாருடைய படமோ என்று தெரிய வேண்டுமே. "என்ன சார் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு என்னைத் தடுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார். அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தால், அதே கடிகாரம், அதே கீறலோடு, வேறொரு நாட்டு வியாபாரியின் பழைய விளம்பரத்தில் இருந்தது.

"சர்வீஸ்டு" என்ற வார்த்தையைப் பற்றி பாய் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் என்றால் மெஷினை ஒவ்வொரு சக்கரமாகப் பிரித்து, கழுவி, கல் ஓட்டையெல்லாம் துடைத்து, இடத்துக்குத் தகுந்த எண்ணெயை ஊசி முனையில் வைத்து, திரும்பப் பூட்டி, சில நாள் ஓடவிட்டு நேரம் பார்ப்பது. இவர்கள் செய்வது, மெஷினை அப்படியே பெட்ரோலில் ஒரு முக்கு முக்கி உலர்த்துவது. அழுக்கு இளகியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். வீடியோ எடுக்க அந்த ஓட்டம் போதும். பெட்ரோலில் பழைய எண்ணெயும் கரைந்து போய்விட்டது. எண்ணெய் இல்லாத மெஷின் உலோகத்தோடு உலோகம் உரசி ஓடுகிறது. நாலைந்து மாதத்தில் நிற்கும். நிற்கும்போது விற்றவரின் எண் உபயோகத்தில் இருக்காது.

நின்றால் சரிசெய்ய உதிரிப் பாகம் எங்கே? எச்எம்டி மூடியாயிற்று. இருப்பில் கிடந்த பாகங்கள் தீரத் தீர, மூன்று கடிகாரத்தை உடைத்து ஒன்றாக்குகிறார்கள். ஒன்றின் கேஸ், இன்னொன்றின் மெஷின், மூன்றாவதின் முள். கட்டிக்கொள்ள வேண்டும், நேரம் பார்க்க வேண்டும் என்பவருக்கு இதில் நஷ்டமில்லை. விலையை மட்டும் மூன்றும் கலந்தது என்று சொல்லிப் போட வேண்டும். தொடாத, பிரிக்காத, அப்படியே இருந்த கடிகாரத்தின் விலையைப் போட்டால் அதற்கு வேறு பெயர்.

"நல்லாப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும் சார், ஏமாறுகிறவன் இருக்கிறதாலதான் ஏமாத்துறான்" என்று எனக்கு உபதேசம் செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சம்பவம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏல நிறுவனம், 1957-ஆம் வருடத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை ஏலம் விட்டது. நின்று பார்க்கச் சொல்லும் அழகில் பழுப்பேறிய அந்த ட்ராப்பிகல் டயலேதான். எதிர்பார்த்த விலை அதிகபட்சம் 1,20,000 சுவிஸ் பிராங்க். போன விலை 31 லட்சம் பிராங்குக்கு மேல். வாங்கியது வேறு யாருமில்லை, ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல் அந்த நிறுவனமே வெளியே சொன்னது: அந்தக் கடிகாரம் பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது, இதில் தன் முன்னாள் ஊழியர்களுக்கே பங்கு இருக்கிறது என்று. செய்த கம்பெனிக்கே, தன் சொந்தப் பதிவேடுகளை வைத்துக்கொண்டிருக்கும் கம்பெனிக்கே இந்தக் கதி. மாதச் சம்பளக்காரன் மங்கலான நாலு படத்தைப் பார்த்து என்னத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது?

என் ஆதங்கமே இங்கேதான். கடிகாரம் இருப்பது விற்பவரின் கையில். திறந்து பார்க்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும். டயல் மறுபடி அடித்ததா, மெஷின் மாறியதா, சாவிக் கட்டை புதுசா என்பதெல்லாம் பெரும்பாலும் அவருக்குத் தெரியும். பல சமயம் அடித்ததே அவர்தான். ஆனால் கண்டுபிடிக்கிற பொறுப்பு முழுவதும் ஐநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து கைபேசித் திரையை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருக்கும் என் தலையில். கண்டுபிடித்துவிட்டால் நான் நம்பிக்கையில்லாதவன். கண்டுபிடிக்காவிட்டால் முட்டாள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ல் வந்தன. பொருள் பழுதாகவோ போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. "நோ ரிட்டர்ன்" என்று அவர் பெரிதாகப் போட்டிருந்தாலும் சரி. இணையச் சந்தை நடத்துபவர்கள் விற்பவரின் பெயரையும் முகவரியையும் நமக்குக் காட்ட வேண்டும். படிக்கப் படிக்கத் தெம்பாக இருக்கும். அதற்குள் ஒரு விலக்கு வரும்: ஒருவர் தொழிலாகவும் இல்லாமல், தொடர்ந்தும் இல்லாமல், தன் சொந்த முறையில் எதையாவது விற்றால் இந்த விதிகள் அவருக்குப் பொருந்தா.

இப்போது தாத்தாவை மறுபடி நினைத்துப் பாருங்கள். "தாத்தா வாட்ச்" என்று எழுதுகிறவர் நம் நெஞ்சைத் தொட மட்டும் எழுதவில்லை. பேரன் வியாபாரி ஆக மாட்டான். வீட்டில் கிடந்ததை விற்கிறான், அவனுக்கு என்ன தெரியும், சர்வீஸ்காரன் சொன்னதைச் சொல்கிறான், அவ்வளவுதான். விதியைப் படித்துவிட்டு இப்படி எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படித்தவர்களைப் போலவே எழுதுகிறார்கள். நாற்பது கடிகாரம் வைத்திருப்பவர் தொழிலாகத்தான் செய்கிறார் என்று வாதாடலாம். வாதாட முதலில் அவர் யார் என்று தெரிய வேண்டும்.

நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம்கூடக் கிடையாது. படிவத்தில் எதிர்தரப்பின் பெயர், முகவரி என்று ஓர் இடம் வரும். அங்கே எதை எழுதுவது? நம்மிடம் இருப்பது ஒரு கியூஆர் கோடு, ஒரு கைபேசி எண், சிங்கம் கர்ஜிக்கிற ஒரு முகப்புப் படம். கூரியர் உறையில் அனுப்புநர் முகவரியில் "வாட்ச் கலெக்ஷன்ஸ்" என்று மட்டும் இருக்கும், ஊர்ப் பெயர்கூட அரைகுறையாக.

பணம் போகும் வழியும் அப்படித்தான். யுபிஐ-யில் அனுப்பியது அனுப்பியதுதான்; அந்தப் பக்கம் இருப்பவர் மனம் வைத்தால் ஒழிய அதுவாகத் திரும்பி வராது. "டோக்கன் அட்வான்ஸ் 500 போட்டுடுங்க ப்ரோ, ஹோல்டு பண்ணி வைக்கிறேன்" என்பார்கள். ஒரே கடிகாரத்தை எத்தனை பேருக்கு ஹோல்டு பண்ணினார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்கு வந்த பிறகு காசு கொடுக்கலாமே என்றால், அங்கும் பணம் கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க விடுவார்கள். தபால் துறையின் விபிபி காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அடுத்து ஒரு நிபந்தனை: "அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் புகார் ஏற்கப்படாது." சரி, எடுக்கிறோம். பொட்டலத்துக்குள் செங்கல் இருந்தால் வீடியோ காட்டும். டயலில் போன வாரம் சாயம் அடித்ததை எந்த வீடியோ காட்டும்?

இன்னொன்றும் இருக்கிறது, பேச யாரும் விரும்புவதில்லை. முகம் தெரியாத ஆளிடம், பில் இல்லாமல், சந்தை விலையில் பாதிக்கு ஒரு நல்ல கடிகாரம் வருகிறது என்றால் அது எங்கிருந்து வந்தது? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். தெரியாமல் வாங்கினாலும் போலீஸ் வந்தால் பொருள் போய்விடும். "மலிவாக் கிடைச்சுது" என்று காட்டிக்கொண்டு திரிகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதற்காகப் பழைய கடிகாரமே வேண்டாம் என்று நான் சொல்லத் தயாரில்லை. ஒழுங்காக விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் எனக்கு அனுப்பிய விளம்பரத்தில் "கேஸில் பாலிஷ் போட்டிருக்கிறது, நொடி முள் மாற்றியது, ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் முந்துகிறது" என்று எழுதியிருந்தார்; மூடி திறந்த படமும் கேட்காமலேயே வைத்திருந்தார். அவருடைய கடிகாரம் மற்றவர்களுடையதைவிடச் சுமாராகத்தான் தெரிந்தது. அதனால்தான் அது பல நாள் விற்காமல் கிடந்தது. பளபளவென்று பொய் சொன்ன பைலட்டுகள் அதே வாரத்தில் போய்விட்டன. உண்மையை எழுதியவருக்கு வியாபாரம் மந்தம் என்றால், அடுத்த தடவை அவரும் எழுதுவாரா?

வாங்குகிறவர்களே, ஒரு படத்தையாவது கேளுங்கள். பின்மூடி திறந்த படம், தேதித் தாளோடு. தராதவரிடம் விலை பேசாதீர்கள், எவ்வளவு மலிவு என்றாலும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசுங்கள். பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான். உங்கள் ஊர் பஜாரில் கண்ணில் லென்ஸ் மாட்டிய பாயோ அண்ணாச்சியோ இன்னும் கடையைத் திறந்து வைத்திருந்தால், முதலில் அங்கே போய்க் கேளுங்கள். அவரிடமே இரண்டு மூன்று விற்பனைக்கு இருக்கும், கையில் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

விற்கிறவர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். சாயம் அடித்தது என்றால் அடித்தது என்று எழுதுங்கள், மெஷின் வேறு என்றால் வேறு என்று எழுதுங்கள், விலையை அதற்குத் தக்கபடி போடுங்கள். அப்படி எழுதினாலும் வாங்க ஆள் இருக்கிறோம். தாத்தாக்களை மட்டும் விட்டுவிடுங்கள்.